டப்பாவைத் திறந்து பார்த்தவர்கள்

1852 ஜனவரித் தொடக்கம். இங்கிலாந்தின் தென்கரையில் கோஸ்போர்ட் என்ற ஊரில் இருந்த கடற்படை உணவுக் கிடங்கில் அதிகாரிகள் இறைச்சி டப்பாக்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாலுமிகளுக்காக வாங்கி அடுக்கிவைத்த சரக்கு அது. திறந்தவை 306 டப்பாக்கள். அவற்றில் மனிதர் தின்னக்கூடிய நிலையில் இருந்தவை 42. மற்றவற்றில் அழுகல், இறைச்சி என்று காசு வாங்கிய இடத்தில் கெட்ட ஈரலும், நாக்கின் அடிப்பகுதியும், உறைந்த ரத்தமும். கிடங்கில் நிற்க முடியாத நாற்றம்.

சரக்கை அனுப்பியவர் ஸ்டீஃபன் கோல்ட்னர். மால்டேவியாவின் கலாட்ஸ் நகரில் மலிவாக மாடு வாங்கி, அங்கேயே டப்பாவில் அடைத்து, பிரிட்டிஷ் கடற்படைக்குக் குறைந்த விலையில் கொடுத்தவர். செய்தி பத்திரிகைகளில் வந்ததும் நாடே கொதித்தது. 1845-இல் வட துருவக் கடல் வழியைத் தேடி எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் 129 பேரோடு போன சர் ஜான் ஃபிராங்க்ளின் ஏழாவது ஆண்டாகத் திரும்பியிருக்கவில்லை. அவர் கப்பலில் ஏற்றிய சுமார் 8,000 டப்பாக்களும் இதே கோல்ட்னரிடம் வாங்கியவைதான். மாலுமிகளின் குடும்பங்கள் அந்த ஜனவரியில் என்ன நினைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

கோல்ட்னரை மோசடிக்காரர் என்று சொல்லிக் கோப்பை மூடியிருக்கலாம். மோசடி இருந்தது உண்மைதான். ஆனால் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. கெட்டுப்போனவற்றில் பெரிய டப்பாக்களே அதிகம். சிறிய டப்பாவில் இருந்த அதே இறைச்சி அதே அளவில் கெடவில்லை. ஏன் என்று விளக்க அன்று இங்கிலாந்தில் ஒருவரும் இல்லை. உணவை அடைத்து விற்கும் தொழில் அதற்குள் நாற்பது வயதைத் தாண்டியிருந்தது.

தொழிலைத் தொடங்கியவர் மிட்டாய்க்காரர் ஒருவர். நிக்கோலா அப்பேர் 1749-இல் பிரான்சின் ஷாலோனில் பிறந்தவர். பாரிஸில் கடை வைத்திருந்தவர். 1795 வாக்கில் தொடங்கிய சோதனைகளைப் பிறகு பாரிஸை அடுத்த மாஸியில் பட்டறையாக வளர்த்தார். தகரம் அல்ல, கண்ணாடிப் புட்டிதான் அவருடைய கலம். காய்கறி, சூப், பால், இறைச்சி எதுவானாலும் புட்டியில் நிரப்பி, தக்கையால் அடைத்து, கம்பியால் இறுக்கி, கொதிநீரில் மூழ்கவைப்பார். உள்ளே வெடித்தால் சிதறாமல் இருக்க ஒவ்வொரு புட்டியையும் துணிப்பையில் போடுவார். அவர் அதிகம் மெனக்கெட்டது தக்கைக்குத்தான். தக்கையின் நுண்துளைகள் மேலிருந்து கீழாக ஓடினால் அவற்றின் வழியே கசிவு வரும். ஆகவே மூன்று நான்கு தக்கைத் துண்டுகளை, துளைகள் குறுக்காகப் படுத்திருக்கும்படி வைத்து, மீன் பசையால் ஒட்டிப் பெரிய வாய்ப் புட்டிகளை மூடினார். உணவு கெடுவது சமைப்பதில் மட்டும் இல்லை, மூடியிலும் இருக்கிறது என்று கையால் கண்டுபிடித்தவர் அவர். 1810-இல் பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் பரிசளித்தது. முறையை ஒளிக்காமல் நூலாக அச்சிட்டு 200 படிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் நூல் எழுதினார். 1841-இல் வறுமையில் இறந்தார்.

அதே 1810 ஆகஸ்டில் லண்டனில் பீட்டர் டூரண்ட் என்ற வணிகர் காப்புரிமை பெற்றார். ஃபிலிப் தெ ஜிரார் என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனை அது. கண்ணாடியோடு தகரக் கலத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். உரிமையை 1,000 பவுண்டுக்கு வாங்கிய பிரையன் டான்கின், ஜான் ஹால் கூட்டு 1813-இல் தேம்ஸின் தென்கரையில் பெர்மண்ட்ஸியில் தொழிற்சாலை நடத்தியது. இரும்புத் தகட்டில் வெள்ளீயம் பூசி, உருளையாக வளைத்து, காரீயம் கலந்த பற்றாசால் ஒட்டிய டப்பாக்கள். திறக்க உளியும் சுத்தியலும் வேண்டும். டப்பா திறப்பான் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

டான்கின் செய்த ஒரு காரியத்துக்காக அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். சமைத்து மூடிய டப்பாக்களை உடனே விற்பதில்லை. 32 முதல் 43 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருப்பார். உள்ளே ஏதாவது கெட்டால் வாயு கிளம்பி டப்பாவின் முனைகள் உப்பும். உப்பாதவை மட்டுமே வண்டி ஏறும். உணவைக் கெடுப்பது கிருமி என்று அறியாத காலத்தில், கிருமி வளர வசதியான சூட்டில் சரக்கைச் சோதித்திருக்கிறார். இன்றைய தொழிற்சாலைகளில் மாதிரி டப்பாக்களை வெதுவெதுப்பான அலமாரியில் நாள்கணக்கில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கு இதுவே முன்னோடி.

அந்த ஒழுங்கு எவ்வளவு வலிமையானது என்பதற்குச் சான்று உண்டு. 1824-இல் எட்வர்ட் பாரியின் வடதுருவப் பயணத்தில் கொண்டுபோய்த் திரும்பி வந்த கன்றிறைச்சி டப்பா ஒன்று அருங்காட்சியகப் பொருளாகக் கிடந்தது. 1930-களின் இறுதியில் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியலரும் அவரது சகாக்களும் அதைத் திறந்தார்கள். உள்ளே இறைச்சி இறைச்சியாகவே இருந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. நூறு ஆண்டுகளைத் தாண்டிய சாப்பாடு.

அப்படியானால் கோல்ட்னரின் பெரிய டப்பாக்கள் ஏன் கெட்டன? அக்கால அறிவியல் தவறான காரணத்தை நம்பியிருந்தது. கே-லுசாக் என்ற பெரிய வேதியியலர் அப்பேரின் புட்டிகளை ஆராய்ந்து, உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதைக் கண்டு, கெடுதலுக்குக் காற்றே காரணம் என்று முடிவு சொல்லியிருந்தார். காற்றுதான் எதிரி என்றால் அதை வெளியேற்றி அடைத்துவிட்டால் போதும். டப்பா எவ்வளவு பெரிதானால் என்ன? உண்மையில் வேலை செய்தது சூடு. கெட்டியான இறைச்சியின் ஊடாகச் சூடு மெல்லத்தான் ஊர்ந்து நடுப்பகுதிக்குப் போகும். டப்பாவின் எல்லா அளவும் இரட்டித்தால் நடுவுக்குச் சூடு சேர ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் வேண்டும். விளிம்பில் வெந்து, நடுவில் வெதுவெதுப்பாக மட்டும் இருந்த பெரிய டப்பாக்கள் மாலுமிகளிடம் போயின. விளக்கம் தவறானால் எவ்வளவு நல்ல உத்தியும் பொய்த்துப்போகும் என்பதை அந்த 306 டப்பாக்கள் காட்டிவிட்டன.

1860-களில் பாஸ்டர் நுண்ணுயிர்களைக் காட்டிய பிறகும் அந்த அறிவு டப்பாத் தொழிலுக்குள் நுழைய முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் பால்டிமோரில் வேலையை விரைவுபடுத்த வழி கண்டிருந்தார்கள். 1861-இல் ஐசக் சாலமன் தண்ணீரில் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்துக் கொதிநிலையை உயர்த்தினார். 1874-இல் ஷ்ரைவர் என்பவர் நீராவி அழுத்தக் கலத்தைக் கொண்டுவந்தார். இரண்டுமே உற்பத்தியைக் கூட்டவே வந்தவை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது ஒவ்வொரு ஆலையின் தலைமைச் சமையல்காரரின் தொழில் ரகசியம். அவர் வேலையை விட்டுப் போனால் ரகசியமும் போகும்.

1895-இல் வில்லியம் லைமன் அண்டர்வுட் என்பவர் பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி. கல்லூரிக்குப் போனார். குடும்பத் தொழிலான டப்பா ஆலையில் கிளிஞ்சல் இறைச்சி டப்பாக்கள் உப்பிக்கொண்டிருந்தன. பேராசிரியர் செட்ஜ்விக் அவரை சாமுவேல் பிரெஸ்காட் என்ற இளம் உதவியாளரிடம் அனுப்பினார். இருவரும் உப்பிய டப்பாக்களைத் திறந்து, உள்ளிருந்ததை வளர்ப்புக் கூழில் இட்டுப் பார்த்தார்கள். கொதிநீரையும் தாங்கி நிற்கும் வித்துகளை உடைய பாக்டீரியாக்கள் முளைத்தன. அடுத்து, உச்ச அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வெப்பமானியை டப்பாவின் நடுவில் பொருத்தி, மூடி, வேகவைத்தார்கள். கலத்தின் மானி காட்டிய சூடு வேறு, டப்பாவின் நடுப்பகுதிக்குக் கிடைத்த சூடு வேறு என்று தெரிந்தது. கோஸ்போர்ட் கேள்விக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து எண்ணாகக் கிடைத்த பதில் இது. 121 டிகிரியில் உள்பகுதி எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று அளந்து, 1898-க்குள் எல்லாவற்றையும் வெளியிட்டார்கள். காப்புரிமை கேட்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் விஸ்கான்சினில் ஹாரி ரஸ்ஸல் வெடிக்கும் பட்டாணி டப்பாக்களில் இதே உண்மையைக் கண்டார்.

நம் வீட்டு பிரஷர் குக்கரின் உள்ளே எழும் சூடும் ஏறக்குறைய அந்த 121 டிகிரிதான். ஆனால் குக்கரில் சமைத்ததை நாம் அன்றே சாப்பிட்டுவிடுகிறோம். டப்பாவோ மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிறது.

மூடிக் கிடப்பதில் ஒரு தனி ஆபத்து உண்டு. 1895 டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டில் வாசித்த இசைக் குழுவினர் பன்றித் தொடைக்கறி சாப்பிட்டு வீழ்ந்தார்கள், மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கறியிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவை இன்று கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்கிறோம். அது காற்று இருந்தால் வளராது. காற்று இல்லாத இடமே அதற்கு வீடு. உணவைக் காக்க மனிதன் செய்த மூடி, இந்த ஒரு கிருமிக்குத் தோதான அறையாகவும் அமைந்துவிட்டது. அதன் வித்து மணிக்கணக்கான கொதிநீரையும் தாங்கும். எல்லாக் கெட்ட உணவும் உப்பிக் காட்டிக்கொடுப்பதில்லை. நாற்றமும் சுவையும்கூடப் பெரிதாக மாறாமல் நஞ்சு இருக்கக்கூடும்.

அமெரிக்கா இதை 1919-இல் கற்றது. ஓஹையோ மாநிலத்தின் கான்டன் நகரில் ஆகஸ்டில் நடந்த விருந்தில் கலிஃபோர்னியாவிலிருந்து கண்ணாடி ஜாடிகளில் வந்த கறுப்பு ஆலிவ் பழங்களைப் பரிமாறினார்கள். உண்டவர்களில் 7 பேர் இறந்தார்கள். அக்டோபரில் டெட்ராய்டிலும் இன்னும் சில ஊர்களிலும் அதே கதை. பச்சை ஆலிவ் ஊறுகாயில் புளிப்பு இருக்கும். கறுப்பு ஆலிவைக் காரத்தில் ஊறவைப்பதால் அது போய்விடும். கண்ணாடி உடையுமே என்று ஜாடிகளை அழுத்தச் சூட்டுக்கு உட்படுத்தவும் இல்லை. ஆலிவ் வியாபாரம் படுத்தது. இங்கே கலிஃபோர்னியத் தொழிலதிபர்கள் செய்ததைக் குறிப்பிட வேண்டும்: மறுத்துக்கொண்டிருக்காமல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் எர்னஸ்ட் டிக்சனும், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கார்ல் மேயரும் வேலையில் இறங்கினார்கள். 1920-இல் மாநில சுகாதார வாரியம் ஆலிவை 115 டிகிரிக்கு மேல் 40 நிமிடம் வேகவைக்க ஆணையிட்டது. 1922-இல் மேயரும் அவரோடு ஆய்வு செய்த எஸ்டியும் பாட்டுலினம் வித்து எந்தச் சூட்டில் எத்தனை நிமிடத்தில் சாகும் என்ற அட்டவணையை வெளியிட்டார்கள். 1925-இல் கலிஃபோர்னியா டப்பா ஆலைகளைச் சோதிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

பாட்டுலினம் பற்றிய ஆய்வுகளிலிருந்து இரண்டு எண்கள் பிறந்து உலகெங்கும் பரவின. ஒன்று 4.6. உணவின் அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு இதற்குக் கீழே இருந்தால், அதாவது புளிப்பு போதுமானதாக இருந்தால், பாட்டுலினம் வளராது. கொதிநீர்ச் சூடு போதும். இன்னொன்று 3. புளிப்பில்லாத உணவின் மிகக் குளிர்ந்த புள்ளிக்கு 121 டிகிரியில் 3 நிமிடத்துக்கு ஈடான சூடாவது கிடைக்க வேண்டும். டப்பாவுக்கு ஒரு வித்து வீதம் லட்சம் கோடி டப்பாக்கள் இருந்தால், இந்தச் சூட்டுக்குப் பின் ஒன்றே ஒன்றில்தான் ஒரு வித்து மிஞ்சும் என்பது கணக்கு. ஆலைக்கு ஆலை மாறிய சமையல்காரரின் கைப்பக்குவம் போய், நிரூபிக்கக்கூடிய அளவு வந்தது.

உள்ளே கிருமியைக் கொன்றாயிற்று. வெளியிலிருந்து நுழைவதைத் தடுப்பது அடுத்த பாடு.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியைப் பற்றாசால் ஒட்டுவது போய் இரட்டை மடிப்பு வந்தது. மூடியின் விளிம்பையும் உடலின் விளிம்பையும் கொக்கிபோல் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி உருளைகளால் அழுத்திவிடும் முறை. ஒரு டப்பாவின் மடிப்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஐந்து தகட்டு அடுக்குகள் தெரியும்: மூடியினுடையவை மூன்று, உடலினுடையவை இரண்டு. இடுக்கில் ரப்பர் போன்ற பூச்சு. ஆலைகளில் இன்றும் குறித்த இடைவெளியில் ஒரு டப்பாவை எடுத்து, மடிப்பை அறுத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியின் கீழே வைத்து, இரண்டு கொக்கிகளும் எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்று அளக்கிறார்கள். மில்லிமீட்டரில் ஒரு பங்கு குறைந்தாலும் இயந்திரத்தை நிறுத்த வேண்டிவரும்.

அந்த ஒரு பங்கு என்ன செய்யும் என்பதை 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம் அனுபவித்தது. அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் அடைத்த பெரிய உப்பிறைச்சி டப்பா ஒன்று நகரத்துக் கடையில் திறக்கப்பட்டது. அதைச் சீவிய இயந்திரம் மற்ற இறைச்சிகளையும் சீவியது. 500-க்கும் மேற்பட்டோருக்கு டைஃபாய்டு. டப்பாவின் உள்ளே சூடு போதுமான அளவு ஏறித்தான் இருந்தது. பிழை அதற்குப் பின்னால். சூடான டப்பாவைக் குளிர்விக்க அந்த ஆலை பரானா ஆற்று நீரைக் குளோரின் கலக்காமல் பயன்படுத்தியது. டப்பா குளிரும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். மடிப்பில் மயிரிழை அளவு குறை இருந்தாலும் போதும், அந்த வெற்றிடம் ஒரு துளி நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஆற்றில் நகரத்துக் கழிவு கலந்திருந்தது. 1963-இலேயே ஹார்லோ, சவுத் ஷீல்ட்ஸ், பெட்ஃபோர்ட் ஆகிய ஊர்களில் இதே வகை இறைச்சியால் டைஃபாய்டு வந்திருந்தது என்பது வேதனையான பகுதி. எச்சரிக்கை வந்தும், சரக்கு அலமாரியிலேயே இருந்தது. குளிர்விக்கும் நீரையும் குடிநீரைப் போலப் பார்க்க வேண்டும், ஈர டப்பாவைக் கையால் தொடக் கூடாது என்ற விதிகளை ஆலைகள் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டது அபர்டீனுக்குப் பின்தான்.

கிருமிக் கதை இப்படி. டப்பாவே உணவில் கரைவது வேறொரு கதை. அது மெதுவாக நடப்பதால் யாரும் கவனிக்கவும் நாளாயிற்று.

ஃபிராங்க்ளின் குழுவில் முதலில் இறந்த மூவரின் உடல்கள் பீச்சி தீவின் உறைபனியில் அப்படியே இருந்தன. 1984-இலும் 1986-இலும் கனடாவைச் சேர்ந்த மானிடவியலர் ஓவன் பீட்டி அவற்றைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார். தலைமுடியில் காரீயம் மிக அதிகம். தீவில் சிதறிக் கிடந்த கோல்ட்னர் டப்பாக்களின் உள்பக்கத்தில் பற்றாசு வழிந்து உறைந்திருந்தது. காரீய நஞ்சே அவர்களைத் தடுமாறவைத்தது என்ற விளக்கம் உலகப் புகழ் பெற்றது. பின்னர் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. கப்பலின் நீர்க்குழாய்களில் இருந்தும் காரீயம் வந்திருக்கலாம் என்றார் ஒருவர். அக்கால இங்கிலாந்தில் பலருடைய உடலிலும் காரீயம் மிகுதிதான் என்று எலும்பு ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்த உடல்களைக் காட்டிய பீட்டியின் படங்கள் ஒரு நல்லதைச் செய்தன. பற்றாசு டப்பா பற்றிய அச்சம் பொதுமக்களுக்குப் புரியும் முகத்தோடு வந்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது அதற்குள் உறுதியாகியிருந்தது. அமெரிக்க டப்பா உற்பத்தியாளர்கள் 1991-இல் காரீயப் பற்றாசைக் கைவிட்டார்கள். 1995-இல் அரசு சட்டப்படி தடை செய்தது. டான்கின் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் 180 ஆண்டுகளுக்கு மேல்.

வெள்ளீயமும் உணவில் கரையும், குறிப்பாகப் புளிப்புள்ளவற்றில். கிலோவுக்கு 250 மில்லிகிராம் என்பது டப்பா உணவுக்குச் சர்வதேச வரம்பு. கடல் உணவில் சிக்கல் வேறு மாதிரி: இறாலில் இருக்கும் கந்தகம் தகட்டோடு சேர்ந்து கறுப்பாகப் படியும். 1960-களில் கொச்சியிலிருந்து இறால் டப்பாக்கள் ஏற்றுமதியான நாட்களில் இந்தக் கறுப்பு பெரும் தலைவலி. 1957-இல் அங்கே தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்புநீரில் சிறிதளவு சிட்ரிக் அமிலம் சேர்ப்பது, கந்தகத்தைத் தாங்கும் உள்பூச்சு கொண்ட டப்பாவைப் பயன்படுத்துவது என்று வழி தேடினார்கள். ஏற்றுமதிப் பொருளின் தரத்தைக் கட்டாயமாகச் சோதிக்க இந்தியா சட்டம் இயற்றியதும் அதே பத்தாண்டில், 1963-இல்.

உள்பூச்சு வந்ததும் கரைதல் குறைந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எபாக்சிப் பூச்சு உலகெங்கும் பரவியது: தகட்டை இறுகப் பிடிக்கும், அழுத்தச் சூட்டைத் தாங்கும், சுவையைக் கெடுக்காது. அதைச் செய்யும் மூலப்பொருள்களில் ஒன்று பிஸ்ஃபினால்-ஏ. அது பெண் ஹார்மோனைப் போல நடந்துகொள்ளும் என்று சார்லஸ் டாட்ஸ் 1936-இலேயே சோதனையில் காட்டியிருந்தார். அதாவது எச்சரிக்கை பூச்சுக்கு முன்பே வந்துவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பாதுகாப்பு என்றது. 2023-இல் அதை 0.2 நானோகிராமாகச் சுருக்கியது. 20,000 மடங்கு குறைவு. ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் ஒன்று அவ்வளவு குறைக்க ஆதாரம் போதாது என்று வேறோர் எண்ணைச் சொன்னது. அறிஞர்கள் எண்ணில்தான் வேறுபட்டார்கள். பழைய வரம்பு தளர்வானது என்பதில் இரு தரப்பும் ஒன்றே. 2025 ஜனவரி 20 முதல் உணவுக் கலங்களில் அந்த வேதிப்பொருளைத் தடை செய்யும் ஐரோப்பிய ஒழுங்குமுறை நடப்புக்கு வந்துவிட்டது.

இந்தக் கதை நேராக வந்து சேரும் தமிழ்நாட்டு ஊர் கிருஷ்ணகிரி. கோடையில் மாம்பழ லாரிகள் மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டும் ஊர். பெங்களூரா என்று இங்கே அழைக்கப்படும் தோத்தாபுரிப் பழத்தைக் கழுவி, பழுக்கவைத்து, கூழாக்கி, சுடச்சுட 3.1 கிலோ டப்பாக்களில் நிரப்பி மூடுகிறார்கள். பிஎச் 4.6-க்குக் கீழே இருப்பதை உறுதி செய்துகொள்வதால் கொதிநீர்ச் சூடு போதும். பாட்டுலினம் ஆய்வுகள் கொடுத்த சலுகை அது. குளிர்விக்கும் தொட்டியில் குளோரின். அது அபர்டீன் கொடுத்த பாடம். அடுக்கிய டப்பாக்களைச் சிறு கோலால் தட்டிக்கொண்டே போகும் தொழிலாளி, ஒலி மாறும் டப்பாவைத் தனியே எடுத்து வைக்கிறார். உள்ளே வெற்றிடம் சரியாக இருந்தால் ஒலி கணீரென்று வரும்; காற்று புகுந்திருந்தால் மந்தமாக ஒலிக்கும்.

அந்த டப்பாக்கள் போகும் நாடுகளில் நெதர்லாந்தும் ஒன்று. இறக்குமதியாளர் இனிப்பையும் நிறத்தையும் மட்டும் கேட்டு விடமாட்டார். உள்பூச்சு எதனால் ஆனது என்ற சான்றையும் டப்பா செய்தவரிடமிருந்து கேட்பார். ஐரோப்பிய ஒழுங்குமுறை பெரும்பாலான கலங்களுக்கு 2026 ஜூலை வரைதான் அவகாசம் தருகிறது. பழச்சாறு நீங்கலாகப் பழம், காய்கறி, பதப்படுத்திய மீன் ஆகியவற்றுக்கான கலங்களுக்கு மட்டும் 2028 ஜனவரி வரை நீட்டியிருக்கிறது. அவற்றின் புளிப்பும் உப்பும் பூச்சை அரிப்பதால் மாற்றுப் பூச்சைக் கண்டுபிடிப்பது கடினம். மாங்கூழ் டப்பாவின் ஆயுள் 24 மாதம். புதுப் பூச்சு அந்த 24 மாதமும் தாங்குகிறதா என்பதை உறுதியாகச் சொல்ல, நிரப்பிய டப்பாக்களை 24 மாதம் வைத்திருந்து, இடையிடையே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.